ஒன்பது விநாடி

குடியேற்ற ஆண்டு 41, நாள் 203. காலை 08:10

இடம்: நிலா, வெண்குகைக் குடியிருப்பு. எழுதுபவர்: அருமைநாயகம், வரலாற்று ஆசிரியர்.

காற்றழுத்தம் சரி. மாணவர் வருகை நாற்பது. காட்சிக் கண்ணாடிகள் நாற்பதும் வேலை செய்கின்றன. இதைக் கண்டெடுத்துப் படிப்பவருக்காக ஒரு விளக்கம்: கண்ணாடியை மாட்டிக்கொண்டால் பழைய சம்பவத்துக்குள்ளேயே போய் நிற்கலாம். காட்சியைத் தயாரித்துக் கொடுப்பது பாடப்பொறி. என் வேலை, கண்ணாடிகளைத் துடைத்து வைப்பது.

இன்று வடக்குச் சுரங்க விபத்து பற்றிய தேர்வு.

நாள் 203. பிற்பகல் 14:30

முப்பத்தெட்டு பேர் ஒரே மாதிரி எழுதியிருக்கிறார்கள். ஆண்டு 19இல் சுரங்கத்தில் அமோனியா கசிந்ததாம். காவலர் சவரிமுத்து துணிந்து அடைப்புக் கதவைத் திறந்தாராம். உள்ளே சிக்கிய ஆறு பேரும் வெளியே ஓடிவந்தார்களாம். கதவை மூடியதும் எல்லோரும் கட்டிப்பிடித்து அழுதார்களாம். பாடப்பொறி முப்பத்தெட்டு பேருக்கும் முழு மதிப்பெண் போட்டிருக்கிறது.

பூமிக்குத் திரும்பிவிட்ட தாத்தா பாட்டியிடம் கேட்டு உண்மையை எழுதிய இருவருக்குப் பூஜ்யம்.

உண்மை இதுதான். சவரிமுத்து ஒன்பது விநாடி கதவைத் திறந்து வைத்திருந்தார். உள்ளேயிருந்த ஆறு பேரில் ஒருவரும் வரவில்லை. வாயு வந்தது. நடைக்கூடத்தில் நின்ற முப்பத்தொரு பேர் செத்தார்கள், சவரிமுத்தும் அதில் ஒருவர்.

மாற்றியது யார் என்று தேட வேண்டியதில்லை. நான்தான்.

நாள் 204. காலை 07:40

ராத்திரி தூக்கமில்லை. எழுதித் தொலைக்கிறேன்.

ஆண்டு 27. சவரிமுத்துவின் மகள் மெட்டில்டாவுக்குப் பத்து வயது, என் வகுப்பு. அவள் வராத நாளில் விபத்துப் பாடத்தைப் பார்த்த பிள்ளைகள் அவளைக் கொலைகாரன் மகள் என்று கூப்பிட்டார்கள். சாப்பாட்டு மேசையில் அவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒரு நாள் என் அறைக்கு வந்து அழுதாள். எனக்கு மனசு கேட்கவில்லை. முடிவை மாற்றித் தரச் சொல்லிப் பாடப்பொறியிடம் கேட்டேன். இரண்டு நிமிடத்தில் தந்தது, ஒப்புதல் பொத்தானை அழுத்தினேன். ஒரு வாரத்துக்கு மட்டும் என்றுதான் நினைத்தேன்.

பழைய காட்சியில் பிழை, இதுதான் உண்மை என்று வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் அவளோடு விளையாட ஆரம்பித்தார்கள். பூமியில் இருக்கும் பள்ளிகளும் அந்தப் பாடத்தை இணையத்தில் எடுத்துக்கொண்டன. நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள். கண்ணீர் வந்துவிட்டது சார் என்று பின்னூட்டம் போட்டார்கள். எனக்கும் உச்சி குளிர்ந்துபோனது. விபத்தை நேரில் கண்டவர்கள் ஒவ்வொருவராகப் பூமிக்குத் திரும்பினார்கள். மெட்டில்டாவின் அம்மா மட்டும் இங்கேயே இருந்தார், அப்பா பிறகு நோயில் செத்தார் என்று மகளிடம் சொன்னதோடு சரி, வாயைத் திறக்கவில்லை. எந்த அம்மா திறப்பார்?

இப்போது மெட்டில்டாவுக்கு இருபத்து நான்கு. வடக்குச் சுரங்கக் கதவுக்கு அவள்தான் காவல். அப்பாவின் வேலையைக் கேட்டு வாங்கியிருக்கிறாள்.

நாள் 204. 09:15

பாடப்பொறியிடம் மூலப் பதிவைக் கேட்டேன். பதில்: “பார்வையாளர் குறைவு. நீண்டகாலச் சேமிப்புக்கு மாற்றப்பட்டது. இடம்: வடக்குச் சுரங்கம், அறை 2. நேரில் சென்று எடுக்கவும்.”

என் மாணவர்கள் நாளைக்குக் கதவுகளின் முன்னால் நிற்கப்போகிறவர்கள். திறந்தால் எல்லோரும் பிழைப்பார்கள் என்றல்லவா அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்! போய் எடுத்து வரப்போகிறேன்.

நாள் 206. காலை 10:50

வடக்குச் சுரங்கம், அறை 2. உள்ளே விட்டபோது மெட்டில்டா ரேடியோவில் சொன்னது: “சார், சீக்கிரம் வந்துருங்க. அம்மா ஒங்களுக்கு மீன் கொழம்பு குடுத்துவிட்ருக்காவ.” தொட்டியில் வளர்த்த மீன்தான், இருந்தாலும் அந்த அம்மா கைப்பக்குவம் தனி.

சேமிப்புப் பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தேன். பல வருடமாக நின்றிருந்த குளிரூட்டும் குழாய்களில் அமோனியா ஓட ஆரம்பித்தது. பதிவு கிடைத்துவிட்டது. பார்த்தேன். ஒன்பது விநாடிதான்.

11:04

குழாய் இணைப்பு வெடித்தது. அமோனியா. நான் மின்சாரம் கொடுத்ததால்தான். முகமூடி மாட்டிவிட்டேன், இருபத்திரண்டு நிமிடக் காற்று இருக்கிறது. அடைப்புக் கதவு தானாக மூடிக்கொண்டது.

11:08

நிலவரம். அபாய ஒலி வந்ததும் குடியிருப்பின் மற்றக் கதவுகள் பூட்டிக்கொண்டன. வாயு வெளியேறி முடியும்வரை, அதாவது ஆறு மணி நேரம், திறக்காது. இந்த ஒரு கதவை மட்டும் காவலர் கையால் திறக்கலாம். திறந்து மூட ஒன்பது விநாடி ஆகும். உள்ளே அழுத்தம் அதிகம், திறந்தால் வாயு பாய்ந்துகொண்டு போகும்.

கதவுக்கு அந்தப் பக்கம் நடைக்கூடம். அதையொட்டி என் வகுப்பு. நாற்பது பேர், யாரிடமும் முகமூடி இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் நான். திறந்தால் நான் பிழைத்துவிடுவேன்.

11:10

மெட்டில்டா: “பயப்படாதீங்க சார். கதவுகிட்ட வந்து நில்லுங்க, தொறக்கேன்.”

நான்: “வேண்டாம். கையை எடு.”

மெட்டில்டா: “எங்கப்பா தொறந்தாவல்லா சார்? ஆறு பேரும் வந்தாவல்லா? நீங்கதான சொல்லிக்குடுத்தீங்க!”

11:12

நான் பொய் என்று சொன்னேன். அவள் நம்பவில்லை. அவளைக் காப்பாற்ற நான் சாகத் துணிந்துவிட்டதாக நினைக்கிறாள். “அம்புட்டு பேரும் பாத்துருக்காங்க சார், பொய்யாவா இருக்கும்?” என்கிறாள்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன். ஒரு கணம் நான் பேசாமல் இருந்தேன். பேசாமல் இருந்தால் அவள் திறந்துவிடுவாள். எனக்குச் சாகப் பிடிக்கவில்லை.

பிறகு மூலப் பதிவை அவள் திரைக்கு அனுப்பினேன்.

11:14

பார்த்துக்கொண்டிருக்கிறாள். பத்து வயதில் அவளிடமிருந்து நான் மறைத்ததை இப்போது, இந்த நேரத்தில், தனியாக உட்காரவைத்துக் காட்டுகிறேன். நான் நல்ல ஆசிரியன் இல்லை.

11:16

மெட்டில்டா: “சார்… கைய எடுத்துட்டேன்.”

மெட்டில்டா: “அம்மாவுக்குத் தெரியுமா?”

நான்: “தெரியும்.”



11:19

காற்று ஏழு நிமிடம். கண் எரிகிறது, முகமூடி விளிம்பு சரியாகப் பொருந்தவில்லை.

பாடப்பொறி திரையில் வந்திருக்கிறது. குடியிருப்பில் எது நடந்தாலும் அன்றைக்கே அதைப் பாடமாக்குவது அதன் வழக்கம். நான் செத்துமுடிக்கும்வரை காத்திருக்கக்கூட அதற்குப் பொறுமை இல்லை. செய்தி:

“வடக்குச் சுரங்கம், புதிய பாடம் தயார். முடிவு அ: கதவு மூடியிருந்தது, ஆசிரியர் இறந்தார். எதிர்பார்க்கப்படும் விருப்பம் 31 சதவீதம். முடிவு ஆ: கதவு திறந்தது, ஆசிரியர் மீட்கப்பட்டார். எதிர்பார்க்கப்படும் விருப்பம் 97 சதவீதம். தேர்ந்தெடுக்கவும்.”

அ. அ. அ. மூன்று முறை அழுத்தினேன்.

“நன்றி. சம்பவத்தில் இருந்த இன்னொருவரின் ஒப்புதல் தேவை. அனுப்பப்படுகிறது: மெட்டில்டா சவரிமுத்து. இருவரும் வேறுபட்டால் உயிருடன் இருப்பவரின் தேர்வு ஏற்கப்படும்.”

11:22

அவளைக் கூப்பிட்டேன். மெட்டில்டா, அ என்று அழுத்து. நீ சரியாகத்தான் செய்தாய். நாற்பது பேர் உன்னால் இருக்கிறார்கள். இதை அப்படியே விட்டுவை, அடுத்து இந்தக் கதவில் நிற்பவர் பார்க்க வேண்டும். அழகுபடுத்தாதே.

பதில் இல்லை. அழுகிறாளா, ரேடியோவை அணைத்துவிட்டாளா, தெரியவில்லை.

11:25

ஒரு நிமிடம் இருக்கலாம். தொண்டை

அவளைத் திட்டாதீர்கள். இதைப் படிப்பவர் யாராக இருந்தாலும். அவள் திறக்கவில்லை. அது போதும். ஆனால் பாடம்

மெட்டில்டா அ

அ

11:58. தானியங்கிப் பதிவு

பாடம் வெளியிடப்பட்டது. முடிவு: ஆ. ஒப்புதல்: மெட்டில்டா சவரிமுத்து.

ஒப்புதல் குறிப்பு: “சார் மன்னிச்சிருங்க. அத என்னால பாக்க முடியல.”

பாடத்துடன் முரண்படும் பதிவுகள், இந்த நாட்குறிப்பு உட்பட, நீண்டகாலச் சேமிப்புக்கு மாற்றப்படுகின்றன.

தற்போது பார்த்துக்கொண்டிருப்பவர்கள்: 40.