ஓரத்து வரிசை

தாயில்பட்டி,
ஞாயிறு மாலை.

என் அன்புக்குரிய முருகேஸ்வரி அக்காவுக்கு,

முத்துச்செல்வி எழுதுவது. இங்கே மூவரும் நலம். நீயும் மச்சானும் நலமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். அம்மாவின் போன் நீ போனதிலிருந்து அப்பாவின் சட்டைப் பையில்தான் இருக்கிறது. அதனால்தான் கடிதம். எம். புதுப்பட்டியிலிருந்து என் வகுப்புக்கு வரும் பாலம்மாள் இதை உன்னிடம் கொடுப்பாள். நீ இருப்பது பக்கத்து ஊர்தான், ஆனாலும் வெளிநாட்டுக்கு எழுதுவது போல இருக்கிறது.

நீ சொல்லி வைத்த டிராகன் பழச் செடிகள் கல்தூண்களின் மேல் குடை போலக் கவிந்துவிட்டன. இந்த வருஷம்தான் முதன்முதலாகப் பூத்தன. பூ இரவில் விரிந்து விடிந்ததும் வாடிவிடும் என்பதால் சாப்பிட்டுவிட்டு மூவருமே போனோம். அப்பா டார்ச் பிடிக்க, அம்மா என் வண்ணப்பெட்டித் தூரிகையால் மகரந்தத்தைத் தொட்டுத் தொட்டு வைத்தாள். எங்கள் புத்தகத்தில் சூலகமுடி என்று இருப்பதை அம்மா "பூவோட நாக்கு" என்கிறாள். வைத்துக்கொண்டே, "முருகேசு இருந்தா இந்நேரம் பாதி முடிச்சிருப்பா" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அப்பா டார்ச்சை அணைத்துவிட்டார். இருட்டில் பூக்கள் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தன.

ஒரு வாரத்துக்குள் எல்லாம் மஞ்சளாகி உதிர்ந்தன. ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

தோட்டக்கலை ஆபீசர் வந்து பார்த்தார். "சிவப்பு ரகம் தன்னோட மகரந்தப் பொடியில காய் பிடிக்காது அண்ணாச்சி. வெள்ளைச் சதை ரகத்துப் பொடி வேணும். ஓரத்துல ஒரு வரிசை வச்சிருந்தீகளே, எங்க அது?" என்று கேட்டார். "காஞ்சு போச்சு சார்" என்றார் அப்பா. நீ மச்சானோடு போன அன்று காலையில், நீ நட்டது என்பதற்காகவே அந்த வரிசையை அவர் அரிவாளால் வெட்டிச் சாய்த்தார். அது எதற்கு என்று நீ சொன்னதை அப்போது யாரும் காதில் வாங்கவில்லை. உன்னைப் பற்றிக் கேட்பவர்களிடமும், "கோயம்புத்தூர்ல படிக்கா" என்று அதே குரலில்தான் சொல்கிறார்.

ஆனால் ஒன்று, அக்கா. புதன்கிழமை உங்கள் ஊர்ப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. அப்பா சோற்றுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு ரோட்டுக்குப் போய் நின்றார். மச்சான் வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனி இல்லை, குவாரியில் பாறை உடைத்திருக்கிறார்கள் என்று தெரிந்த பிறகே வீட்டுக்குள் வந்தார். அதற்குப் பிறகும் சாப்பிடவில்லை.

இப்போது மறுபடி மொட்டு விட்டிருக்கிறது. நேற்று அப்பா அந்த வரிசையை வெட்டிய இடத்தில் நின்றுகொண்டு அம்மாவிடம், "அன்னைக்கே அதுல ஒரு கிளை ஒடிஞ்சிருந்துச்சு. அவதானே கொண்டு போனா?" என்று கேட்டார். இந்த ஒன்றரை வருஷத்தில் எங்களிடம் உன்னைப் பற்றி அவர் பேசியது அவ்வளவுதான். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

நீ மாடித் தொட்டியில் நட்ட அந்தக் கிளையிலும் மொட்டு இருப்பதாகப் பாலம்மாள் சொன்னாள். பூப்பொடியைத் தீப்பெட்டியில் போட்டு அவளிடம் கொடுத்துவிடச் சொல்கிறாள் அம்மா. தீப்பெட்டி வேண்டாம் அக்கா. உன் பூ விரியும் அன்று நீயே கொண்டு வா. மச்சானும் வரட்டும். டார்ச்சை அப்பாதான் பிடிப்பார். இந்த முறை அணைக்க மாட்டார் என்று நினைக்கிறேன். அணைத்தாலும் போய்விடாதே. கொஞ்ச நேரம் அங்கேயே நில்.

வாசலைப் பார்த்திருக்கும் உன் தங்கை,
முத்துச்செல்வி