தலைமாட்டில் கிடந்த பற்றறி

விடியவே வாழைத்தோட்டத்துக்குப் போய்விட்ட கணவன் கஜீபனின் பாயைச் சுருட்டும்போதுதான் வினோஜா அதைக் கண்டாள். விறாந்தையில், அவன் தலைமாட்டில், மின்சார சைக்கிளின் பற்றறி வயிறு ஊதிக் கிடந்தது. பழைய சைக்கிள் டியூப்பால் அதை இறுக்கிக் கட்டியிருந்தான். வேலைக்குப் போகுமுன் ஒரு தாளில் அவனுக்கு எழுதினாள்:

“இஞ்சேருங்கோ, பற்றறியை முற்றத்து மணலிலை வைச்சிட்டன். இனிச் சார்ஜ் போடாதேங்கோ. டியூப்பை அவிழ்க்கவும் வேண்டாம், சைக்கிள் கடைக்காரனைக் கூப்பிடுங்கோ. பிட்டும் மீன்குழம்பும் மூடி வைச்சிருக்கிறன்.

அறைக்குள்ளை சார்ஜ் போட்டதுக்கு நான் ஏசினதாலைதான் கோபிச்சுக்கொண்டு வெளியிலை படுக்கிறியள் எண்டு நினைச்சன். உது வெடிச்சாலும் எனக்கும் பிள்ளைக்கும் ஒண்டும் ஆகக்கூடாதெண்டோ தலைமாட்டிலை வைச்சுக்கொண்டு காவல் கிடந்தனீங்கள்?”

படலைவரை போனவள் திரும்பி வந்து, அடியில் இடுக்கி எழுதினாள்: “என்ரை கோபம் இன்னும் ஆறேல்லை. இண்டைக்கு உள்ளை வந்து படுங்கோ.”