கத்திச் சொல்ல முடியாதது

மார்ச் 4

மதிப்பிற்குரிய டிரைவர் ஐயாவுக்கு,

உங்கள் மனைவி எழுதுவது. இங்கே மகள் வீட்டில் எல்லோரும் சௌக்கியம், என் தொண்டையைத் தவிர. நேற்று நீங்கள் போன் செய்தபோது நான் கேட்டது இரண்டே வார்த்தை: "மாத்திரை போட்டீங்களா?" அதை ஒன்பது முறை கேட்டேன். ஒன்பதாவது முறை போட்ட சத்தத்தில் மாப்பிள்ளை குளியலறையிலிருந்து சோப்பு நுரையோடு ஓடிவந்து, "என்னாச்சு அத்தை, யாருக்கு என்ன?" என்கிறார். மனுஷன் முகத்தில் ரத்தமே இல்லை. நீங்களோ, "சரி சரி, வெச்சிடறேன்" என்று வைத்துவிட்டீர்கள். போனில் எழுத்துத் தட்டி அனுப்பினால் அதைத் திறந்து பார்க்கவே உங்களுக்கு நாலு நாள் ஆகிறது. ஆகையால் இனிமேல் கடிதம்தான்.

விஷயத்துக்கு வருகிறேன். ஏப்ரல் ஒன்பது நம் கல்யாண நாள், முப்பத்தாறாவது. வழக்கம்போல ஊர் சுற்றப் போவதற்கு நீங்கள் கடற்கரை விடுதியில் அறை போட்டுவிட்டதாக மகள் சொன்னாள். நான் வரவில்லை. காதுக்கு மெஷின் வாங்கி மாட்டுங்கள், வருகிறேன். இல்லையென்றால் தனியாகப் போய் அலையோடு பேசிக்கொண்டிருங்கள். உங்களுக்குக் கேட்கிற அளவுக்குச் சத்தம் போட அதால்தான் முடியும்.

இது விளையாட்டில்லை. பத்து நாளில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தவள், ஒரு மாதமாக இங்கேயே இருக்கிறேன். ஏன் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

ஃபிரிட்ஜில் மேல்தட்டில் மூடி வைத்திருப்பதைத் தூக்கி எறிந்துவிடுங்கள். அது என்ன என்று திறந்து ஆராய வேண்டாம்.

இப்படிக்கு,
தொண்டை கட்டிப்போன உங்கள் மனைவி


மார்ச் 9

என் அன்பு மைக்குக்கு,

திறந்து பார்த்துவிட்டேன். பார்த்திருக்கக் கூடாது.

முப்பத்தொரு வருடம் பஸ் இன்ஜினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த காது இது. நான் ரிட்டயர் ஆன அன்றைக்கே அதுவும் ஆகிவிட்டது. அதற்காகக் கட்டின புருஷனை இப்படித் தவிக்க விடுவாயா?

கல்யாண நாளுக்கு நாம் போகாத ஊர் உண்டா? முதல் வருடம் மலைக்குப் போனோமே, ஞாபகம் இருக்கிறதா? டிரைவருக்குப் பின்சீட்டில் உட்கார்ந்து, வளைவுக்கு வளைவு நான் தரையில் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தேன். "கியரை மாத்துங்க சார்" என்று மூன்றாவது தடவை சொன்னதும் அவன் வண்டியை ஓரங்கட்டி, "வாங்க, நீங்களே ஓட்டுங்க" என்றான். பஸ்ஸே சிரித்தது. நீ முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, இவர் யாரென்றே தெரியாது என்பதுபோல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

பத்தாவது வருடக் கூத்து அதற்கும் மேல். நீ லீவு என்பதால் நம் பஸ் நிலையத்து மைக்கில் அன்றைக்கு வேறு யாரோ பேசினார்கள். உன் குரல் இல்லாத அறிவிப்பை நான் எந்தக் காலத்தில் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன்? அருவிக்குப் போக வேண்டிய குடும்பத்தை சிமெண்ட் ஆலை ஊருக்கு ஏற்றிவிட்டேன், டிரைவராகப் பன்னிரண்டு வருடம் சர்வீஸ் போட்டவன்! ஏழு வயது மகள் லாட்ஜில் பார்த்தவரிடமெல்லாம், "எங்கப்பா தப்பு பஸ்ல ஏத்திட்டார்" என்று சொல்லி மானத்தை வாங்கினாள். பார்க்க ஒரு மண்ணும் இல்லாத ஊர். ரெண்டு நாள் சீட்டு விளையாடினோம், நீ கள்ளாட்டம் ஆடி ஜெயித்தாய். போன ஊரிலெல்லாம் எனக்குப் பிடித்தது அதுதான்.

மெஷின் மட்டும் வேண்டாம் மைக்கு. வேறு எது சொன்னாலும் தலைகீழாக நின்றாவது செய்கிறேன். கிளம்பி வா.

அன்புடன்,
உன் டிரைவர்


மார்ச் 14

அன்புள்ள உங்களுக்கு,

சிமெண்ட் ஊரைப் படித்துவிட்டுச் சிரித்தேன். கள்ளாட்டம் ஆடியது நீங்கள்.

ஆனால் போன வருடத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள். நான் எழுதுகிறேன். ஏரிக்கரை, சாயங்காலம், பெஞ்சு. ஊரிலிருந்து கிளம்பியதிலிருந்து மனசுக்குள் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்ததை அங்கேதான் உங்களிடம் சொன்னேன். மார்பில் ஏதோ கட்டிபோலத் தட்டுப்படுகிறது, டாக்டர் டெஸ்ட் எடுக்கச் சொல்லியிருக்கிறார், எனக்குப் பயமாக இருக்கிறது என்று. நீங்கள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சிரித்த முகமாகத் தலையாட்டி, "ஆமா, நல்லாத்தான் இருக்கு" என்றீர்கள்.

பதறாதீர்கள். வெறும் நீர்க்கட்டிதான், பயப்பட ஒன்றுமில்லை என்று ரிப்போர்ட் வந்து மாதக்கணக்காகிறது. மகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். உங்களுக்கு ஒரு காகிதத்தில் எழுதிக் காட்டியிருக்கலாம், எனக்கு ரோஷம். நீங்களாக ஒருநாள் "என்ன சொன்னே அன்னிக்கு?" என்று கேட்பீர்கள் என்று காத்திருந்து காத்திருந்து, கடைசியில் பெட்டியைக் கட்டினேன்.

மாத்திரையைப் பற்றி எத்தனை தடவை வேண்டுமானாலும் கத்துவேன். பயமாக இருக்கிறது என்பதை எப்படிக் கத்துவது? பக்கத்துப் பெஞ்சில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

உங்கள்
மைக்கு


மார்ச் 18

மைக்கு,

கடிதத்தை வாசலில் நின்றபடியே படித்தேன். அப்புறம் படியில் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். எதிர்வீட்டுக்காரர் வந்து என்னவோ கேட்டார். அவருக்கும் தலையாட்டி வைத்தேன். அதுதான் என் வியாதி என்று இப்போது புரிகிறது. கேட்காததற்கெல்லாம் தலையாட்டிச் சமாளித்தே காலத்தை ஓட்டிவிட்டேன். நீ பயந்துபோய் நின்ற நேரத்தில் நான் ஏரியை ரசித்திருக்கிறேன். என்னைச் செருப்பாலடித்தாலும் தகும். மன்னித்துவிடு.

மெஷினை ஏன் மறுத்தேன் என்று சொல்லிவிடுகிறேன். பெருமை இல்லை. நம் கண்டக்டர் தன் மெஷினை ஒருநாள் என் காதில் மாட்டிவிட்டான். அவன் பெண்டாட்டி, "காப்பி குடிக்கிறீங்களா அண்ணே?" என்றாள். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி இருந்தது. நல்ல குரல் அந்தத் தங்கச்சிக்கு, உனக்கே தெரியும். கழற்றிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். உன் குரலும் அப்படி ஆகிவிட்டால்? உன் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் எனக்குத் தெரிந்தது உன் குரல். காதில் சரியாக விழாவிட்டாலும் மனசில் அது பழையபடியே இருக்கிறது. அதையும் கெடுத்துக்கொண்டால் எனக்கு என்ன மிச்சம் என்று பயந்தேன்.

நீ பயப்பட்டதோடு வைத்துப் பார்த்தால் இதெல்லாம் ஒரு பயமா? வெட்கமாக இருக்கிறது.

உன்
டிரைவர்


மார்ச் 22

அன்புள்ள அசட்டு டிரைவருக்கு,

முப்பத்தாறு வருடத்தில் இதை முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? நீங்கள் என்னைப் பார்த்து அலுத்துப்போய்த்தான் காதை மூடிக்கொண்டீர்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்டக்டர் மெஷின் கண்டக்டர் காதுக்கு வைத்தது. அடுத்தவர் மூக்குக்கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு ஊரே கோணலாக இருக்கிறது என்பீர்களா?

இன்னொன்றும் தெரிந்துகொள்ளுங்கள். அந்தக் குரல் இப்போது என்னிடமே இல்லை. ஐம்பத்தொன்பது வயதாகிறது, கரகரவென்றுதான் பேசுகிறேன். மனசில் இருக்கிறவளோடு கடற்கரைக்குப் போவதானால் அவளையே கூட்டிக்கொண்டு போங்கள். என்னோடு வருவதானால் என்னைக் கேளுங்கள்.

கண்டக்டர் வீட்டுக்காரியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

மைக்கு


மார்ச் 29

என் அன்பு மைக்குக்கு,

நேற்றுக் காலை பதினோரு மணிக்கு உனக்கு ஒரு போன் வந்ததே, பேசாத போன்? அது நான்தான்.

மெஷின் கடையில் இருக்கிற பெண் ரெண்டு காதுக்கும் அளவெடுத்து மாட்டிவிட்டு, இந்தத் திருகு அந்தத் திருகு என்று அரைமணி நேரம் என்னைப் பாடாய்ப்படுத்தினாள். அப்புறம் கடைப் போனை நீட்டி, "யாருக்காவது போட்டுப் பாருங்க சார்" என்றாள். கை தானாக உன் நம்பரைத்தான் தட்டியது. நீ "ஹலோ" என்றாய். நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். "ஹலோ, யாருங்க?" என்றாய். "போன் போடத் தெரியுது, பேசத் தெரியலையா? வாய்ல என்ன கொழுக்கட்டையா?" என்றாய். ஒரு வார்த்தை விடாமல் கேட்டேன். கடைப்பெண், "சத்தம் சரியா இருக்கா சார், குறைக்கணுமா?" என்று கேட்டாள். வேண்டாம் என்று கையை ஆட்டினேன்.

குரலில் கரகரப்பு ஏறித்தான் இருக்கிறது. கொஞ்சம் தகரமும் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் நீதான். நீயேதான். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, அந்தப் பெண் பயந்துபோய் மெஷினைக் கழற்ற வந்துவிட்டாள்.

ஏரிக்கரையில் சொன்னதைக் கடற்கரையில் எனக்கு மறுபடி சொல்ல வேண்டும். முதலிலிருந்து, மெதுவாக. எத்தனை நேரமானாலும் சரி.

இன்னொன்று. போனை வைப்பதற்கு முன்னால் நீ ஒன்று சொன்னாய். என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் யாரிடமும் சொன்ன மாதிரியும் இல்லை. உனக்கு நீயே முணுமுணுத்தாய்: "இந்த மனுஷன் அங்க சாப்பிட்டாரோ என்னவோ."

சாப்பிட்டேன். வருகிற வியாழக்கிழமை, முதல் பஸ்ஸிலேயே உன்னைக் கூப்பிட வருகிறேன்.

உன்
டிரைவர்