கிடுகு மறைப்புக்குள் இருந்த மெசின்

மச்சாள்,

இன்று காலை எங்கள் அலுவலகத்தின் பின்முற்றத்தில் சேற்று மணம் வந்தது. இந்த நாட்டில் சேறுகூட மரியாதையாக இருக்கும், அப்படி மணக்காது. ஒரு கம்பனியின் ஆள், தாங்கள் புதிதாகக் கண்டுபிடித்த மெசினை இயக்கிக் காட்டுவதற்காக, சைக்கிள் ஒன்றில் வேண்டுமென்றே சேறு பூசிக்கொண்டு வந்திருந்தான். கையில் துவக்குப் போல ஒன்று. அதன் பிடியில் பற்றரி. அதிலிருந்து போன குழாயின் நுனி பக்கத்திலிருந்த வாளித் தண்ணீருக்குள் கிடந்தது. விசையை அழுத்தினான். தண்ணீர் சீறிக்கொண்டு போய்ச் சேற்றைக் கழற்றியது. கூட நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் வாளியைப் பார்த்தேன். பிறகு, பழக்கதோஷம், யாராவது ஆயுதத்தோடு வருகிறார்களா என்று பின்னால் திரும்பிப் பார்த்தேன்.

என் வேலை என்னவென்று உனக்குக் கடைசியாக விளங்கப்படுத்தியது ஆசுபத்திரியில். தாதி கொண்டுவந்த ஊசிமருந்துப் போத்தலை நீ கேட்டு வாங்கி, திகதியைப் பார்த்து, வெளிச்சத்தில் பிடித்து ஆட்டிப் பார்த்த பிறகுதான் கையை நீட்டினாய். அந்தப் பிள்ளை முகத்தைச் சுளித்துக்கொண்டு போனதும் என் பக்கம் திரும்பினாய்.

"நீ அங்க என்னகா வேலை செய்யிறாய்?"

"ஒருத்தர் புதுசா ஒண்டைக் கண்டுபிடிச்சிட்டன் எண்டு வந்தா, அது உண்மையாவே புதுசா, இல்லாட்டி ஆரும் யோசிச்சுச் செய்யக்கூடிய சாமானா எண்டு சந்தேகப்பட்டுப் பாக்கிற வேலை."

"சந்தேகப்படுறதுக்குச் சம்பளமும் தாறாங்களா?" என்றாய். "நான் இவ்வளவு காலமும் சும்மாதானே செஞ்சிருக்கன்."

சிரித்ததில் உனக்கு இருமல் வந்துவிட்டது. நான் முதுகைத் தடவிவிட்டேன். அடுத்த மாரி மழை தொடங்குமுன் நீ போய்விட்டாய் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அதையும் நான் முதலில் நம்பவில்லை.

உன் சந்தேகம் ஊரறிந்தது. மீன்காரர் செவுளைத் தூக்கிக் காட்டினால், கேட்காமல் ஏன் காட்டுகிறார் என்று மீனை மறுபக்கம் புரட்டுவாய். மத்தியகிழக்கிலிருந்து உன் புருஷன் பேசி அனுப்பிய கசற்றைப் போட்டு, பின்னால் இருமுவது யார் என்று திருப்பித் திருப்பி ஓடவிடுவாய். நான் உன் சொந்த மாமன் மகள், ஒரே கிணற்றில் குளித்து வளர்ந்தவள். நீ தந்த தேநீரை ஆறட்டும் என்று வைத்தால்கூட, "ஏன் குடிக்கல்ல? ஆரும் என்னைப் பத்தி ஒண்டு சொன்னதா?" என்பாய். உன்னோடு பழகுவது இராணுவத்தின் சோதனைச் சென்றியைக் கடப்பது மாதிரித்தான். ஆனாலும் அந்த நாட்களில் யாரையும் நம்பித் திரிந்தவர்களில் எத்தனை பேர் மிஞ்சினார்கள் என்று நினைத்தால், உன்னைக் குறைசொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

சண்டைக் காலம் அது. நான் வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைப் பள்ளிக்கூடம் ஒன்றில் விஞ்ஞானம் படிப்பித்தேன். தினமும் பாதையில் ஏறித்தான் போய்வரவேண்டும். தோணிகளைச் சேர்த்துப் பலகை அடித்த மிதவைக்கு நாங்கள் பாதை என்று பெயர் வைத்திருக்கிறோம் என்று சொன்னால், இங்குள்ள தமிழர்களே என்னை ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள். அந்தக் கரை இயக்கத்திடம் இருந்தது. இந்தக் கரையின் துறையில் இராணுவத்தின் சென்றி இருந்தது. டோர்ச்சுக்குப் போடும் பற்றரியைக்கூட அந்தப் பக்கம் கொண்டுபோக விடமாட்டார்கள். மாரியில் அங்கிருந்து வரும் மோட்டார் சைக்கிள்கள் எல்லாம் வயல்வட்டைச் சேற்றில் புரண்ட எருமைகள் போல வந்து இறங்கும். களுவாஞ்சிக்குடிக் கந்தோர்களுக்குப் போகிற உத்தியோகத்தர்கள் அந்தக் கோலத்தில் போக வெட்கப்பட்டு, சிரட்டையால் சேற்றைச் சுரண்டிக்கொண்டு நிற்பார்கள். வாவித் தண்ணீர் உப்பு, ஊற்றினால் வண்டி துருப்பிடிக்கும். நல்ல தண்ணீர்க் கிணறு தூரத்தில் இருந்தது. நீ துறையில் ஆப்பமும் தேநீரும் விற்றுக்கொண்டு, இதையெல்லாம் பார்த்துக்கொண்டும் இருந்தாய்.

வயலுக்கு மருந்தடிக்கிற முதுகு டாங்கி ஒன்றைப் புருஷன் வீட்டில் விட்டுப் போயிருந்தார். ஒரு கையால் அதன் நெம்பை மேலும் கீழும் அடித்தால், மறுகையிலுள்ள குழாயில் தண்ணீர் சீறும். அதை வைத்து ஒரு வாளித் தண்ணீரில் ஒரு வண்டியைக் கழுவிவிடலாம் என்று கண்டுபிடித்தாய். ஆனால் காய்ந்த சேறு கழலும் வேகத்துக்கு அடித்தால் தோள் கழன்றுவிடும். ஒருநாள் கொட்டும் மழையில் வேன் ஒன்று வந்து நின்றது. அதன் கண்ணாடியில் வைப்பர் இங்கும் அங்கும் போய்வருவதையே நீ பார்த்துக்கொண்டு நின்றாய். தேநீர் கேட்டவருக்குப் பதில்கூடச் சொல்லவில்லை. அந்தக் கிழமையே என்னையும் இழுத்துக்கொண்டு ஏறாவூருக்குப் போனாய். பழைய இரும்புக் கடையில் ஒரு வைப்பர் மோட்டரையும் பாதி உயிரோடிருந்த கார் பற்றரி ஒன்றையும் எடுத்து வைத்தாய்.

"இது ரெண்டும் உங்களுக்கு என்னத்துக்கு மகள்?" என்று கடைக்காரர் கேட்டார். அந்தக் காலத்தில் யாரும் கேட்கவேண்டிய கேள்விதான்.

"ஊஞ்சல் கட்டத்தான் காக்கா," என்றாய், அவரை அண்ணனாக்கி.

அவர் உன்னை நம்பவில்லை. நீயும் அவரை நம்பவில்லை, பற்றரியில் ஒரு பல்பை எரியவைத்துப் பார்த்த பிறகே காசை அவிழ்த்தாய். வீட்டுக்கு வந்து, மோட்டரின் கையை டாங்கியின் நெம்போடு சேர்த்துக் கட்டினாய். உன் கை செய்த வேலையை வைப்பரின் கை செய்தது. மூடி ஒழுகியபோது சைக்கிள் டியூப்பை வளையமாக வெட்டி உள்ளே போட்டாய். முதன்முதலில் அது சீறி எங்கள் இருவரையும் நனைத்தபோது, நீ சிரிக்கவில்லை. வேலிக்கு அப்பால் யாராவது பார்க்கிறார்களா என்றுதான் பார்த்தாய்.

கண்டால் திருடிவிடுவார்கள், கண்டுபிடிப்பை உன் பெயரில் பதிந்து உரிமை எடுக்கவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாய். மட்டக்களப்பில் சட்டம் படித்த வயதான பிரக்கிராசியார் ஒருவர் விண்ணப்பம் எழுதிக் கொழும்புக்கு அனுப்பினார். நாங்கள் எழும்பி வரும்போது அவர் ஒரு வசனம் சொன்னார்: "முடிவு வருமட்டும் ஒருத்தருக்கும் காட்டிப்போடாத பிள்ளை." விண்ணப்பம் போன பிறகு காட்டினால் ஒரு குற்றமும் இல்லை என்று இன்று எனக்குத் தெரியும். நல்லது நினைத்துத்தான் சொன்னார். அதை யாரிடம் சொல்கிறோம் என்று மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

தேநீர்க் கொட்டிலோடு சேர்த்து நீ தென்னோலைக் கிடுகால் ஒரு மறைப்புக் கட்டினாய். வண்டியை உன்னிடம் விட்டுவிட்டு, சொந்தக்காரர் தூரப்போய் நிற்கவேண்டும். உள்ளே இருந்து கிறீச் கிறீச் என்று சத்தம் வரும், சற்று நேரத்தில் வண்டி பளபளவென்று வெளியே வரும். வண்டி நன்றாக இருந்தது, சத்தம்தான் நன்றாக இல்லை. சென்றிக்குக் கூப்பிடு தூரத்தில் ஒரு பெண் எதையோ மறைத்து வைத்திருக்கிறாள். நீ இயக்கத்துக்கு வேலை செய்கிறாய் என்று பாதி ஊர் கதைத்தது. ஆமிக்குத் தகவல் கொடுக்கிறாய் என்று மற்றப் பாதி கதைத்தது. இரண்டில் எது யாருடைய காதில் விழுந்தாலும் நீ முடிந்தாய்.

"மச்சாள், மறைப்பைக் கழட்டு. மெசின் போனாப் போகட்டும்," என்றேன்.

"உனக்கென்ன, நீயா கண்டுபிடிச்ச?" என்றாய்.

ஒருநாள் காலை நான் பாதைக்கு வரிசையில் நின்றேன். சென்றிக்குப் புதிதாக வந்திருந்த கோப்ரல் சத்தத்தைக் கேட்டுக் கொட்டிலுக்குப் போனார். துவக்கு முனையால் கிடுகைத் தூக்கினார். உள்ளே கறுத்த பற்றரி, சிவப்பு வயர், இறுக்கி மூடிய டாங்கி, தானாக ஆடும் இரும்புக் கை, விசை வைத்த குழாய். ஒவ்வொன்றும் அவருக்குத் தெரிந்த சாமான். எல்லாம் சேர்ந்தால் என்னவென்பதும் அவருக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு சத்தம் போட்டார். நாங்கள் எல்லோரும் நிலத்தில் படுத்தோம். உன்னைத் தலையில் கைவைத்து முழங்காலில் நிற்கவைத்தார்கள். எனக்குப் பின்னால் படுத்திருந்த ஒருவர், "எனக்கு அப்பவே தெரியும்," என்றார். முந்திய நாள் நீ கழுவிக்கொடுத்த வண்டி அவருடையது.

முகாமிலிருந்து வாகனம் வரச் சொல்லிவிட்டார்கள். அதில் ஏறிப் போனவர்களின் படத்தை வைத்துக்கொண்டு, வீட்டுக்காரர்கள் பிறகு கந்தோர் கந்தோராக அலைந்ததை நாங்கள் பார்த்திருக்கிறோம். நீதான் கதைத்தாய்.

"ஐயா, வாகனம் வர முதல் ஒருக்காப் போட்டுக் காட்டுறன். வெடிச்சா நான்தானே சாவன்."

கோப்ரலுக்குத் தமிழ் கொஞ்சம் தெரியும். உன்னையும் நம்பாமல் தன்னையும் நம்பாமல் மெசினையும் உன்னையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு எல்லோரையும் மண்மூட்டைகளுக்குப் பின்னால் இழுத்துவிட்டு, துவக்கை உன் பக்கம் நீட்டியபடி தலையை ஆட்டினார். நீ எழும்பி, மறைப்பை உன் கையாலேயே பிடுங்கி எறிந்தாய். பற்றரியைக் கொழுவினாய். குழாயை உன் காலுக்கே பிடித்து விசையை அழுத்தினாய். முழங்காலில் நின்றபோது ஒட்டிய சேறு தண்ணீரோடு வழிந்து போனது. பிறகு பக்கத்தில் நின்ற இராணுவ மோட்டார் சைக்கிளின் சில்லைக் கழுவினாய். எல்லோரும் பார்த்தார்கள்.

"இவ்வளவுதானா?" என்றார் கோப்ரல். முதலில் ஒரு சிப்பாய் சிரித்தான், பிறகு எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பின்னால் நின்றவரும் சிரித்தார்.

"இது ஆருக்கும் தெரிஞ்ச விசயம்தானே," என்றார். "மருந்தடிக்கிற டாங்கி, வைப்பர் மோட்டர். நானும் செய்வன்."

அன்று வீட்டில் நீ பாயில் சுருண்டு கிடந்தாய். நான் உன் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். உயிர் தப்பியதைப் பற்றி நீ ஒரு சொல் சொல்லவில்லை. "எல்லாரும் கண்டுட்டாங்க," என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னாய். அந்த மாரி முடிவதற்குள், பெரியகல்லாற்று ஆள் ஒருவன் அதே மெசினோடு துறையில் வந்து குந்தினான். நீ தேநீர் கொடுக்கிற சாட்டில் போய் அதை எட்டிப் பார்த்தாய். மூடிக்குள் சைக்கிள் டியூப் வளையம் இருந்தது. அது வரிசையில் நின்றவர்களுக்குத் தெரியாத விசயம். உனக்கும் எனக்கும் மட்டுமே தெரியும்.

"நீ ஆருக்கும் சொன்னியாகா?"

"இல்லை," என்றேன். சத்தியமாக நான் சொல்லவில்லை. அவனுடைய மூடியும் ஒழுகியிருக்கும், அவன் வீட்டிலும் பழைய டியூப் கிடந்திருக்கும். நீ மீன்காரர் செவுள் காட்டிய மீனைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தாய். அது எனக்குப் பொறுக்கவில்லை, மச்சாள். இத்தனை வருடத்துக்குப் பிறகும் அது வலிக்கிறது. நீ அந்தக் கேள்வியைப் பிறகும் பல தடவை கேட்டாய். ஒரு தொடர்பும் இல்லாமல், கருவாடு வாங்கும்போது, கோயிலில் செருப்பைக் கழற்றும்போது.

கொழும்பிலிருந்து பதில் வந்ததும் நான்தான் தமிழில் வாசித்துக் காட்டினேன். பற்றரி முன்பே தெரிந்த பொருள், மோட்டர் முன்பே தெரிந்த பொருள், மருந்தடிக்கும் டாங்கியும் அப்படியே, இந்தத் தொழிலில் சாதாரணத் தேர்ச்சியுள்ள எவருக்கும் இவற்றைச் சேர்க்கத் தோன்றும், ஆகவே உரிமை இல்லை.

"எவருக்கும் தோணும் எண்டா, அண்டைக்கு அத்தினை பேருக்கும் ஏன் அது குண்டாத் தெரிஞ்ச?" என்றாய். பிறகு, "கண்டதுக்குப் பிறகு எல்லாருக்கும் தெரியும்கா. காண முதல் ஒருத்தனுக்கும் தெரியாது."

நான் கடல் கடந்து வந்து, மேற்கொண்டு படித்து, இந்த வேலையில் சேர்ந்தபோது பயிற்சியில் முதலில் படிப்பித்தது அதைத்தான். முடிவைத் தெரிந்துகொண்டு பின்னோக்கிப் பார்த்தால் எதுவும் சுலபமாகத்தான் தெரியும், அந்தக் கண்ணை நம்பாதே என்றார்கள். பெரிய பெரிய சொற்களில் சொன்னார்கள். நான் குறிப்பெடுக்கவில்லை. அன்றிலிருந்து எந்த விண்ணப்பத்திலும் "எவருக்கும் தோன்றக்கூடியது" என்று எழுதுமுன், அந்த மண்மூட்டைக்குப் பின்னால் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் எழுதுகிறேன். உன்னிடமிருந்து நான் கொண்டுவந்த சொத்து அதுதான், உன் சந்தேகம்.

இன்றைக்கு அதுவே என்னை மடக்கிவிட்டது. இந்தக் கம்பனியின் மெசினைச் சுலபமானது என்று எழுதினால், உன்னைப் பற்றிக் கொழும்பு சொன்னதை நானும் சொன்னதாகும். புத்தியாகச் செய்தது, புதியது என்று எழுதினால், உன்னுடையதை அவர்கள் பெயருக்கு நானே எழுதிக்கொடுத்ததாகும். மத்தியானம் முழுக்கத் தேடினேன். உன் விண்ணப்பம் எங்கும் அச்சில் வரவில்லை. துறையில் வரிசையாக நின்று பார்த்தவர்களை விட உனக்கு வேறு சாட்சி இல்லை. அவர்களில் இந்த நாட்டில் இருப்பது, எனக்குத் தெரிய, நான் ஒருத்தி.

சாட்சியாக இருப்பவர் தீர்ப்பு எழுதக்கூடாது. பின்னேரம் கம்பனியின் விண்ணப்பக் கோப்பை மேலதிகாரியிடம் திருப்பிக் கொடுத்தேன். இதே வகை மெசின் வெகுகாலத்துக்கு முன்பே பகிரங்கமாக இயங்கியதை என் கண்ணால் கண்டேன், சத்தியக் கடதாசி எழுதித் தருகிறேன் என்றேன். அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பார்க்கத்தானே வேண்டும்.

"பகிரங்கமாக என்றால்? எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்?" என்று கேட்டார்.

"அந்த இடத்தில் நின்ற எல்லோரும்," என்றேன். "எவரும் வேறு பக்கம் பார்க்கத் துணியவில்லை."

செய்தவரின் பெயர் கேட்டார். எழுத்துக் கூட்டிச் சொன்னேன், அவர் எழுதினார். எப்படி வேலை செய்தது என்று கேட்டார். வைப்பரின் கை, டாங்கியின் நெம்பு, வாளி, எல்லாம் வரைந்து காட்டினேன். மூடிக்குள் கிடந்த சைக்கிள் டியூப் வளையத்தையும் சொன்னேன். முடிவு இனி வேறொருவர் கையில்.

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் உன் குரல்தான். நீ ஆருக்கும் சொன்னியாகா?

ஓம் மச்சாள். இண்டைக்குத்தான் சொன்னன்.