திரும்பலாம் என்று சொல்ல ஓர் ஆள்

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் கழுதைக்காரத் தம்பி எழுதிக்கொள்வது. நலமாக இருக்கிறீர்களா? பாப்பா எப்படி இருக்கிறாள், அவள் பெற்ற குட்டிப் பையன் எப்படி இருக்கிறான்? ரொம்ப அழுகிறானா? அழுதால் அழட்டும், தாத்தாவின் தொண்டை வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையின் அந்தப் பக்கம் நின்று அண்ணன் கூப்பிட்டால் இந்தப் பக்கம் என் கழுதைகள் காதைத் திருப்பும். என் கையெழுத்து சேற்றில் கழுதை நடந்த மாதிரி இருக்கும், பொறுமையாகப் படியுங்கள். பள்ளிக்கூடத்தை நான் வெளியிலிருந்து பார்த்ததோடு சரி. மூட்டைகளின் மேல் எழுதியிருந்ததைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட எழுத்துதான் இது.

இங்கே எல்லாரும் நலம். கோழிகள் நலம். உங்கள் ரோஜாச் செடிக்கு அண்ணன்தான் தண்ணீர் ஊற்றுகிறார், அதனால் அதுவும் ஒருவழியாக நலம். போன வாரம் சோப்பு வாங்கி வருகிறேன் என்று போனவரை மதியச் சாப்பாடு ஆறிப்போகும்வரை காணவில்லை. கடையை அடுத்த தெருவுக்கு மாற்றிவிட்டார்களாம். யாரையாவது கேட்கக்கூடாதா அண்ணே என்றால், "வழி கேட்டா அது பயணமாடா, விசாரணைடா" என்கிறார். கடைசியில் காய்கறி வண்டிக்காரர் ஏற்றிக்கொண்டு வந்து வாசலில் இறக்கிவிட்டார். மணலும் பனியும் நதியுமாக உலகத்தில் பாதியை நடந்து பார்த்த மனிதர், வெங்காய மூட்டைமேல் உட்கார்ந்து, ஒரு புது ஊரைக் கண்டுபிடித்த முகத்தோடு வந்தார். சோப்பு வாங்கவில்லை.

சோப்பைப் பற்றி எழுத வரவில்லை. விஷயத்துக்கு வருகிறேன். மலையேறுகிறவர்கள் சங்கத்துச் செயலாளர் வந்திருந்தார். எந்நேரமும் சிரித்துக்கொண்டே இருப்பாரே, அவர்தான். ஒவ்வொரு கூட்டத்திலும் அண்ணன் மேடையேறி ஒன்று சொல்வாரில்லையா, "அன்னிக்கு என் வீட்டுக்காரி மட்டும் திரும்பலாம்னு சொல்லாம இருந்தா, அந்தக் கணவாயை நான் தாண்டியிருப்பேன்" என்று. அதைச் சங்கம் நிஜமாகவே எடுத்துக்கொண்டுவிட்டது. செயலாளர் சொன்னார்: "ஐயா, எழுபது வயசாகுது உங்களுக்கு. அந்தக் கணவாய் பாக்கியா இருக்கவே கூடாது. லாரி, கூடாரம், சாப்பாடு எல்லாம் எங்க பொறுப்பு. நீங்களும் உங்க ஆளும் வந்தா போதும்."

அண்ணன் கையிலிருந்த டீ சட்டையில் கொட்டியது. அதைத் துடைக்காமல், "ஓ, போலாமே" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? "எப்பண்ணே கெளம்பறோம்" என்றேன். இத்தனை வருஷமாக இந்த வாய்க்கு அது ஒன்றுதான் தெரியும். அடுத்த வாரக் கடைசியில் லாரி வருகிறது.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். எங்கள் சட்டம் உங்களுக்குத் தெரியாததா? தெரிந்தாலும் சொல்கிறேன், சொல்லாவிட்டால் எனக்கு எழுதிய மாதிரி இருக்காது. பயணத்தில் "திரும்பலாம்" என்கிற வார்த்தையை யார் முதலில் சொல்கிறாரோ, அவர்தான் வீடு வந்து சேரும்வரை எல்லார் பாத்திரத்தையும் கழுவவேண்டும். பழியும் காலத்துக்கும் அவர் தலையில். அண்ணன் போட்ட சட்டம். அதனால் ஒருவரும் சொன்னதில்லை. ஒருமுறை சமையல்காரருக்குக் காய்ச்சல் அனலாகக் கொதித்தது. அப்போதும் அவர், "கொஞ்சம் புழுக்கமா இருக்கு" என்றுதான் சொன்னார், பனிக்கட்டிமேல் படுத்துக்கொண்டு.

சொன்னது நீங்கள் ஒருவர்தான். கல்யாணமான புதிது, அடம்பிடித்து எங்களோடு வந்தீர்கள். கணவாயின் அடிவாரத்தில் நின்று, "எனக்குக் குளிருதுங்க, திரும்பலாம்" என்றீர்கள். நீங்கள் சொல்லி முடிப்பதற்குள் நாங்கள் மூட்டையைத் தோளில் போட்டுவிட்டோம். மகாராணி என்று ஒரு கோவேறு கழுதை வைத்திருந்தேனே, எதற்கும் அசையாதவள், அடித்தால் படுத்துக்கொள்வாள், அவள்தான் முதலில் திரும்பினாள். அண்ணனின் கால் வீங்கி பூட்ஸுக்குள் அடங்காமல் இருந்தது உங்களுக்குத் தெரிந்திருந்ததா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. ஓடைக்கு ஓடை உட்கார்ந்து நீங்கள் பாத்திரம் தேய்த்தீர்கள். அண்ணன் வழியெல்லாம் உங்களைத் திட்டிக்கொண்டே, மேலே போனபோது வராத பாட்டெல்லாம் பாடிக்கொண்டே வந்தார்.

இப்போது நிலைமை இதுதான் அண்ணி. அவருக்கு வலது முட்டி மடங்குவதில்லை, மடங்கினால் நிமிர்வதில்லை. எனக்கு ஒரு பாதை இரண்டாகத் தெரிகிறது. தெருவில் அது பரவாயில்லை. மலையில் அந்த இரண்டில் ஒன்றின் கீழே தரை இருக்காது.

சங்கத்துக்கு டாக்டர் கையெழுத்து வேண்டுமாம். அங்கே தப்பிவிடலாம் என்று நினைத்தேன். டாக்டர் அறையில் அண்ணனின் பெரிய படம் மாட்டியிருக்கிறது. பக்கத்தில் நான்தான் நின்றேன், என்னை வெட்டிவிட்டார்கள். என் கை மட்டும் இருக்கிறது, மகாராணியின் ஒரு காதும். அண்ணன் உள்ளே போனதும், தெருவுக்கே கேட்கிற மாதிரி, "முட்டி வலி உயிர் போகுது டாக்டர், வீட்டுப் படி ஏற முடியல" என்றார். இவர் ஏன் இப்படிக் கத்துகிறார் என்று அப்போது எனக்கு உறைக்கவில்லை. டாக்டர் சிரித்தார். "மலை ஏறறவங்களுக்குப் படி புடிக்காதுங்கய்யா" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டு, அதே பேனாவை நீட்டி அண்ணனிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டார். நான் விடவில்லை. எனக்குச் சுவரில் இருக்கிற பெரிய எழுத்தே தெரியவில்லை என்றேன். "எழுத்து தெரியலைன்னா என்ன பெரியவரே, மலை தெரியும்ல?" என்றார். மலை தெரிகிறது, இரண்டாகத் தெரிகிறது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அண்ணன் என்னைத் தட்டிக்கொடுத்து, "இவன் இல்லாம நான் எங்கயும் போனதில்ல" என்றுவிட்டார். அப்புறம் எங்கே சொல்வது.

வீட்டுக்கு வந்ததும் நான் ஒரு வேலை செய்தேன். கூடாரக் கம்பியில் ஒன்றை எடுத்துக் கோழிக்கூண்டுக்கு அடியில் ஒளித்தேன். கம்பி இல்லாமல் எப்படிப் போவது? மறுநாள் பார்த்தால் துடைத்துப் பளபளப்பாக மூட்டைமேல் இருக்கிறது. "பாவம், நீ தேடிக்கிட்டு இருப்பேன்னு எடுத்து வெச்சேன்டா" என்கிறார். இவருக்குக் கண்டுபிடிப்பதுதானே பிழைப்பு. அதே நாள் ரொட்டிக்கு மாவு எடுக்கப் போனேன். மாவுப் பீப்பாய்க்குள் அண்ணனின் இடது பூட்ஸ். எலி இழுத்திருக்கும், பாவம் தேடுவாரே என்று தட்டித் துடைத்து வாசலில் வைத்தேன். பார்த்ததும் அவர் முகம் போன போக்கை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். இரண்டு நாள் கழித்து அது தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கிடக்கிறது. நனையாமல் இருக்க மெழுகுத்துணி சுற்றி, நாடாவால் முடிச்சுப் போட்டு. எந்த எலி முடிச்சுப் போடும் அண்ணி?

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவருக்கும் போக மனசில்லை. நான் ஆசைப்படுகிறேன் என்று அவர் கிளம்புகிறார், அவர் ஆசைப்படுகிறார் என்று நான். இவர் ஒளித்ததை நானும் நான் ஒளித்ததை இவரும் தேடி எடுத்துக்கொடுத்து, கடைசியில் எல்லாச் சாமானும் ஒன்று குறையாமல் மூட்டையாகக் கட்டித் தயாராக இருக்கிறது.

நீயே பேசித் தீர்க்கவேண்டியதுதானே என்பீர்கள். நான் வரவில்லை என்று சொன்னால், "சரி, நீ இரு, நான் பாத்துக்கறேன்" என்று அந்த மனிதர் தனியாகக் கிளம்பிவிடுவார். அந்த வீம்பை நான் பார்த்திருக்கிறேன். அவர் வாயால் சொல்லவைக்கலாம் என்றால், சொன்ன அன்றைக்கே அவர் கிழவராகிவிடுவார். அதை நான் பார்க்கமாட்டேன்.

உங்களுக்கு எழுதக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். "குழந்தை பொறந்த வீடு, அவளை எதுக்குடா பயமுறுத்தணும்" என்றார். சொல்லிவிட்டுப் போன பிறகு பார்த்தால், நான் ரொட்டி தேய்க்கிற மேசையில் ஒரு கவர் இருக்கிறது. தபால்தலை ஒட்டி, பாப்பா வீட்டு விலாசம் எழுதி. அவர் கையெழுத்து எனக்குத் தெரியாதா? இது என்னண்ணே என்று கேட்டதற்கு, "சும்மா கெடக்கட்டும்" என்றார். அந்தக் கவரில்தான் இது உங்களுக்கு வருகிறது.

குட்டிப் பையனுக்கு என் ஆசீர்வாதம். நல்ல காலும், பின்னாலிருந்து யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கிற குணமும் அவனுக்கு அமையட்டும்.

இதோ கூப்பிடுகிறார். கொல்லையில் கூடாரத்தை விரித்துச் சரிபார்க்கிறேன் என்று போனவர்மேல் அது சாய்ந்துவிட்டது போலிருக்கிறது, இன்று காலையிலும் ஒரு கம்பியை நான்தான் எடுத்து ஒளித்தேன். உள்ளேயிருந்து, "டேய், வழி எந்தப் பக்கம்டா" என்று கேட்கிறது. வழி கேட்கிறார் அண்ணி, அதுவே பெரிய விஷயம். வர்றேண்ணே என்று குரல் கொடுத்துவிட்டு எழுதுகிறேன். லாரிக்கு முன்னால் வந்துவிடுங்கள். வாசலில் நின்று, குளிருது என்றோ பையனைப் பார்க்க ஆளில்லை என்றோ ஏதோ ஒன்று, அந்த வார்த்தையை மட்டும் சொல்லிவிடுங்கள். பழி உங்கள் மேல்தான் விழும், அது உங்களுக்குப் புதிதில்லை. ஆனால் பாத்திரத்தை மட்டும் நீங்கள் தொடவேண்டாம், இந்தத் தடவை எல்லாவற்றையும் நானும் அண்ணனும் தேய்த்துக்கொள்கிறோம்.