தனிப் பாத்திரம்

ஜூன் 11, 1978 – ஞாயிறு
பூனா கட்கியில் மழை பிடித்துக்கொண்டது. நாளை பள்ளி திறக்கிறது. சர்ச் முடிந்து, குடை வாங்க என்று இவர் என்னைக் கேம்ப் கடைத்தெருவுக்குக் கூட்டிப் போனார். குடை வாங்கவில்லை. நாலு கறுப்பு மோலி மீன் வாங்கினோம். வீட்டுக் கண்ணாடித் தொட்டியில் ஏற்கெனவே ஒரு ஜோடி ஏஞ்சல் மீன் இருக்கிறது. நான் ராத்திரியெல்லாம் இருமினாலும் எழுந்திருக்காத மனுஷன், அதுங்க வாலை மடக்கினால் எழுந்து போய்ப் பார்ப்பார்.

கடைக்காரர் பையைக் கட்டிக்கொண்டே, “பந்த்ரா தின் அலக் பர்தன் மே ரக்கோ” என்றார். புது மீனில் நோய் இருக்கலாமாம், பதினைந்து நாள் தனிப் பாத்திரத்தில் வைக்க வேண்டுமாம். இவர் முகம் மாறியதைப் பார்த்தேன். வீட்டுக்கு வந்ததும் பையைத் தொட்டியில் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டு, அப்படியே உள்ளே அவிழ்த்துவிட்டார்.

“தனியா வைக்கச் சொன்னாரே?”

“நம்ம வீட்ல தனிப் பாத்திரம் கிடையாது, மில்ட்ரெட்.”

ஜூன் 12
நேற்று எழுதாமல் விட்டது. ஆம்பூர்ப் பக்கம் டீக்கடையில் இவர் அப்பாவுக்கென்று ஒரு கிளாஸ், வெளியே ஆணியில் தொங்குமாம். குடித்துவிட்டு அவரே கழுவி மாட்ட வேண்டும். கல்யாணமான புதிதில் ஒரே ஒரு தடவை சொன்னார். அதனால்தான் இங்கே பெருக்க வருகிற அம்மாவும் எங்கள் டம்ளரில்தான் டீ குடிக்கிறாள். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் மீனுக்கு இதெல்லாம் தெரியுமா? – இந்த நோட்டில் மட்டும்தான் கேட்கிறேன்.

ஜூன் 16
மோலிகள் நன்றாகத் தின்கின்றன. “பாத்தியா” என்றார்.

ஜூன் 21
ஒரு மோலியின் மேல் வெள்ளைப் புள்ளி, உப்புத் தூவின மாதிரி. சாயங்காலம் ஏஞ்சலின் செதிலிலும்.

ஜூன் 22
எல்லாம் கல்லில் உடம்பைத் தேய்த்துக்கொள்கின்றன. இவர் ஃபேக்டரியிலிருந்து வந்து, யூனிஃபார்மைக்கூடக் கழற்றாமல் கல்லுப்புக் கரைத்து விட்டார். தண்ணீர் சூடாக மேலே பல்பு கட்டினார். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தக் கடைக்காரரு தலப்பாடா அடிச்சுக்கிட்டாரே, கேட்டீங்களா, கேட்டீங்களான்னு கத்திட்டேன்.

“சொன்னாரு” என்றார். அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம்.

ஜூன் 25 – ஞாயிறு
மோலி நாலும் போயின. பெண் ஏஞ்சலும். குரோட்டன்ஸ் தொட்டியில் புதைத்தார். சர்ச்சுக்கு வரவில்லை. கேட்டவர்களிடம் காய்ச்சல் என்றேன்.

ஜூலை 5
மிஞ்சின ஏஞ்சலுக்குப் புள்ளி மறைந்துவிட்டது. ஆனால் மூலையிலேயே நிற்கிறது. புழு போட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. இவரும் சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துவிடுகிறார்.

“துணை இல்லன்னா அதுவும் போயிடும்” என்றார்.

“அப்ப ஒண்ணு வாங்கிட்டு வாங்க.”

“வாங்கினா தனியா வைக்கணும்.”

ஜூலை 9
இன்று விடவில்லை. “எனக்கு அம்மை போட்டப்ப முன் ரூம்ல தனியாதானே வச்சீங்க? தனித் தட்டு, தனி டம்ளர். நான் என்ன கொறஞ்சா போயிட்டேன்?”

தொட்டி மேல் கட்டின பல்பைக் கழற்றினார். பிறகு, “நீ அப்ப அழுதே” என்றார்.

அழுதேன்தான். கதவுக்கு வெளியே தெரியாது என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஜூலை 15
இவர் கையில் பை. உள்ளே ஒரு சின்ன ஏஞ்சல். நேரே ஷோகேசைத் திறந்து, என் கல்யாணத்துக்கு எங்கள் பள்ளி ஹெட்மிஸ்ட்ரஸ் கொடுத்த கண்ணாடிக் கிண்ணத்தை எடுத்தார். கிறிஸ்துமசுக்குப் பாஸ்டர் வந்தால் மட்டும் கஸ்டர்ட் போட எடுப்பது! ஐயோ, அதுவா என்று வாய் வரை வந்தது.

நேற்றே பக்கெட்டில் பிடித்து வைத்த, ப்ளீச்சிங் வாடை போன தண்ணீரை ஊற்றி மீனை விட்டார். கிண்ணத்தை ஸ்டூலில் வைத்தார். திருப்தி இல்லை. ஸ்டூல் மேல் பலகை, பலகை மேல் இன்னொரு பலகை. தொட்டியும் கிண்ணமும் ஒரே உயரத்துக்கு வந்து, கண்ணாடியோடு கண்ணாடி ஒட்டி நின்ற பிறகுதான் கையை எடுத்தார்.

“தனியா இருக்கட்டும். கீழ இருக்க வேணாம்.”

ஜூலை 17
பழையது மூலையை விட்டு வந்து, கிண்ணத்தின் பக்கமாகவே நிற்கிறது. சாயங்காலம் புழு தின்றது.

ஜூலை 30 – ஞாயிறு
புதியதன் மேல் ஒரு புள்ளியும் இல்லை. தொட்டியில் விட்டார். கொஞ்சம் துரத்தல், அப்புறம் இரண்டும் ஒன்றாகத் திரிகின்றன.

கிண்ணத்தைச் சோப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து, “கஸ்டர்ட் பண்ணு” என்றார்.

“இதிலயா? மீன் இருந்ததுங்க!”

“இருந்தா என்ன?”

பண்ணினேன். முதல் ஸ்பூன் அவர் சாப்பிட்டார். அப்புறம் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். நானும் அதே ஸ்பூனில் சாப்பிட்டேன். சர்க்கரை கொஞ்சம் குறைவு.