கரண்டி கையில் இல்லாதபோது பேசியது தொடர்பாக

அனுப்புநர்:
நகலகம் நடத்துபவர்,
(பாலர் வகுப்புப் பிள்ளை ஒருத்தியின் தாய்)
பள்ளிக்கு எதிர்க்கடை.

பெறுநர்:
பாலர் கல்வி ஆய்வாளர் அவர்கள்,
கல்வி அலுவலகம், மாடி.

பொருள்: வட்ட நேரத்தை நிறுத்திய ஆணையை ரத்து செய்யக் கோருதல். புகார் தங்கள் மீதே.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். வேறு மேசைக்கு அனுப்பினாலும் இம்மனு சுற்றி வளைத்துத் தங்களிடமே வரும் என்பதால், அலைச்சலை மிச்சப்படுத்தியிருக்கிறேன். நகல்கள் என்னிடம் உள்ளன, கடையே அதற்குத்தான்.

1. என் மகளின் வகுப்பில் தினமும் காலையில் பிள்ளைகள் பாயில் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். அன்றைய தலைவர் ஒரு பிள்ளை. எதைப் பற்றிப் பேசுவது என்பதும் அந்தப் பிள்ளையின் இஷ்டம். மரக்கரண்டி யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டுமே பேசலாம். ஆசிரியைக்கும் இதே சட்டம்தான்; மீறுபவருக்கு நினைவூட்டுவது தலைவரின் வேலை.

2. வீட்டில் வாய் ஓயாத என் மகள், பள்ளியில் சேர்ந்ததிலிருந்து வாயே திறக்கவில்லை. கரண்டி வந்தால் வாங்கிப் பக்கத்துப் பிள்ளையிடம் கொடுத்துவிடுவாள். யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. தாங்கள் ஆய்வுக்கு வந்த அன்று அவள்தான் தலைவர். தலைப்பு பல்லி என்பதைக்கூடப் படம் வரைந்தே தெரிவித்தாள்.

3. இன்னொரு பிள்ளை பல்லியின் வாலைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, தாங்கள் குறுக்கிட்டு ஒழுக்கம் பற்றி உரையாற்றினீர்கள். நல்ல உரை என்று கேள்வி. ஆனால் கரண்டி தங்கள் கையில் இல்லை. என் மகள் எழுந்து, "மாமா, கரண்டி உங்ககிட்ட இல்ல. உக்காருங்க, உங்களுக்கும் வரும்" என்றாள். பள்ளியில் அவள் பேசிய முதல் பேச்சு அது. ஆசிரியை கண் கலங்கியது தங்களுக்குப் பயந்து அல்ல. தாங்களும் உடனே உட்கார்ந்தீர்கள். அதற்கு என் நன்றி.

4. மறுநாளே, பிள்ளைகள் பெரியவர்களை அதிகாரம் செய்வதால் வட்ட நேரம் நிறுத்தப்படுகிறது என்று ஆணை. தங்கள் உதவியாளர் அதை நகலெடுக்க வந்தது என் கடைக்குத்தான். பிரதிகள் கோணலாக விழுந்திருந்தால் மன்னிக்கவும். படித்துக்கொண்டே நகலெடுத்தேன்.

5. கரண்டி இப்போது அலமாரி மேல் கிடக்கிறது. மகள் மறுபடி பள்ளியில் வாய் திறப்பதில்லை. இன்று காலை தலை வாரும்போது, "நான் பேசினதாலதான் நிறுத்திட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். பின்னலை முடித்து அவளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இம்மனுவை எழுத உட்கார்ந்தேன், ஐயா.

ஆகவே, ஆணையை ரத்து செய்துவிட்டு, ஒரு காலை தாங்களே வந்து பாயில் உட்காருமாறு பணிவுடன் வேண்டுகிறேன். முழங்கால் வலி இருந்தால் நாற்காலி கேட்டுப் பார்க்கலாம்; தலைவர் அனுமதிக்க வேண்டும். அன்று வராமல் போன தங்கள் முறை இன்னும் பாக்கி இருக்கிறது. கரண்டி கைக்கு வந்ததும், அவள் கேட்டதற்குத் தாங்களே பதில் சொல்லுங்கள்.

நாள்: திங்கட்கிழமை
இடம்: எதிர்க்கடை

இப்படிக்கு,
(கையொப்பம்)
அன்றைய தலைவரின் தாய்